கும்பாஸ்: கோவாத் திருமண இரவும் அதன் காலக்கணக்கும்

கொங்கணி மொழியில் 'கும்பாஸ்' என்றொரு சொல் வழங்குகிறது. போர்த்துகீசிய மொழியின் 'கொம்பாஸொ' என்பதே கொங்கணிகளின் நாவில் இவ்வாறு திரிந்தது. இசையின் தாள அளவைக் குறிக்கும் சொல் அது. 2014ஆம் ஆண்டு பார்த்ராய் பரெட்டோவின் இயக்கத்தில் வெளிவந்த கொங்கணித் திரைப்படத்தின் பெயர் 'நாச்சூம்-யா கும்பாஸார்'. 'தாளத்திற்கு ஆடுவோம், வாருங்கள்' என்று அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். பம்பாய்க்கு வாத்தியப் பெட்டியோடு போன கோவா இசைக்கலைஞர்களின் வாழ்வை அது பேசிற்று.

கோவாவைப் பற்றி எழுத வருபவர்கள் முதலில் கையிலெடுப்பது வேறொரு சொல்லை. 'சுசேகாத்' என்பார்கள். அமைதியான, பரபரப்பற்ற என்னும் பொருளுடைய 'சொசெகாதொ' என்ற போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. சுற்றுலா விளம்பரங்கள் இதை எடுத்து, அந்நிலத்து மக்களின் குணத்துக்கே பெயராக ஒட்டிவிட்டன. திருமண அழைப்பிதழில் இரவு ஏழரை மணி என்று அச்சிட்டிருக்கும். ஒன்பது மணிக்குத்தான் மணமக்கள் உள்ளே வருவார்கள். வெளியூர் விருந்தாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, 'எல்லாம் சுசேகாத்' என்று சிரித்துக்கொள்வார்.

கடிகாரம் பிசகிய அந்த இரவில் வேறொன்று பிசகுவதில்லை. எந்தச் சடங்குக்குப் பின் எந்தச் சடங்கு, எந்த நடனத்துக்குப் பின் எந்த நடனம், மெல்லிசை எப்போது நின்று விரைவிசை எப்போது எழவேண்டும் என்பதெல்லாம் அங்கே கண்டிப்பானவை. மணிக்கணக்கில் தளர்ந்தும் தாளக்கணக்கில் இறுகியும் இருக்கிற இரவு அது. இந்தக் கணக்கை வைத்திருந்தவர்கள் யார், அதில் கைவைக்க வந்த அதிகாரங்கள் எவை, எது அழிந்தது, எது பிழைத்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கோவாவின் கத்தோலிக்கத் திருமணங்களையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். இந்துத் திருமணங்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

1. தடையாணை என்னும் சான்று

1510இல் அபான்ஸோ தெ அல்புகர்க்கின் படை கோவா நகரைப் பிடித்தது. 1560இல் அங்கே சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. இடையில் 1774 முதல் நான்காண்டுகள் நின்று, மீண்டும் தொடங்கி, 1812இல் முற்றாக ஒழிந்தது. மதம் மாறியவர்கள் பழைய வழக்கங்களுக்குத் திரும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது அம்மன்றத்தின் முதற்பணி. 1684இல் அரசப்பிரதிநிதி இன்னோர் ஆணை பிறப்பித்தார். மூன்றாண்டுகளுக்குள் மக்கள் கொங்கணியை விட்டுவிட்டுப் போர்த்துகீசியம் பேசப் பழகவேண்டும் என்பது அது. அந்த ஆணையின் கதி என்னவாயிற்று என்பதற்கு இன்றும் கோவா வீடுகளில் பேசப்படும் கொங்கணியே விடை.

நம் பொருளுக்கு மிக நெருக்கமானது, 1736 ஏப்ரலில் விசாரணை மன்றம் வெளியிட்ட ஆணை. அ. கா. பிரியோல்கர் 1961இல் எழுதிய 'கோவா இன்குவிசிஷன்' என்ற ஆங்கில நூலில் அதை விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். திருமணங்களில் உள்ளூர் வாத்தியங்களை வாசிக்கக்கூடாது. வெற்றிலை, பாக்கு, பூ ஆகியவற்றை வெளிப்படையாகவோ மறைவாகவோ அனுப்பவோ வழங்கவோ கூடாது. மணமக்களுக்கு அரைத்த மஞ்சள், பால், தேங்காயெண்ணெய், அரிசிமாவு முதலியவற்றைப் பூசக்கூடாது. 'ஓவி' எனப்படும் திருமணப் பாட்டுகளைப் பொதுவிடத்திலோ வீட்டினுள்ளோ பாடக்கூடாது. இவ்வாறு நீள்கிறது பட்டியல்.

இந்த ஆணையை இரண்டு விதமாகப் படிக்கலாம். கொடுமையின் ஆவணமாகப் படிப்பது ஒன்று. அது சரியான படிப்பே. மற்றொன்று, சான்றாகப் படிப்பது. நடக்காத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. கோவா பிடிபட்டு இருநூற்றிருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏழெட்டுத் தலைமுறையாகத் தேவாலயத்தில் மணமுடித்த குடும்பங்கள் இருந்தன. அப்படியும் அவ்வீடுகளில் மஞ்சளும் எண்ணெயும் ஓவியும் இருந்தன என்பதை, அவற்றை அழிக்க நினைத்தவர்களே பட்டியலிட்டு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுக் கோவாத் திருமண வீட்டை இவ்வளவு நுணுக்கமாக வேறெந்த அன்பரும் விவரிக்கவில்லை எனலாம்.

தடை பலித்ததா? பாதி பலித்தது. வெற்றிலை பாக்கு கத்தோலிக்கத் திருமணத்தின் நடுவிடத்தை இழந்தது. எண்ணெயும் பாட்டும் பிழைத்தன. திருமணத்துக்கு முந்தைய நாள் இரு வீடுகளிலும் தனித்தனியே நடக்கும் 'ரோஸ்' என்னும் சடங்கைப் பாருங்கள். 'ரோஸ்' என்றால் தேங்காய்ப்பால். மணப்பெண்ணைத் தோழியரோடும் மணமகனைத் தோழரோடும் அமர்த்தி, தாய் தொடங்கிவைக்க, உறவினரும் அயலாரும் வரிசையாக வந்து தேங்காய்ப்பாலைப் பூசுவார்கள். தேங்காயெண்ணெயைத் தலையில் வைப்பார்கள். கன்னிமையின் கடைசிக் குளியல் என்று இதற்குப் பொருள் சொல்வதுண்டு. எண்ணெய் வைக்கும் விரல் நெற்றியில் சிலுவைக் குறி இடும். ஓவியின் வழிவந்த பாட்டுகளை முதிய பெண்கள் பாடுவார்கள். அப்பாட்டிலும் கன்னி மரியாளும் சிலுவையும் வந்து அமர்ந்துகொண்டார்கள். தடைசெய்யப்பட்ட உடலும் தடைசெய்தவர்களின் சின்னமும் ஒரே விரலில் சேர்ந்துவிட்டன.

ரோஸ் எவ்வாறு பிழைத்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு வாத்தியம் தேவையில்லை, மேடை தேவையில்லை, அமர்த்திக் கூலி கொடுக்கவேண்டிய கலைஞரும் தேவையில்லை. உள்ளறையும் ஒரு தேங்காயும் பாடத் தெரிந்த ஒரு பாட்டியும் இருந்தால் போதும். அரசு நுழைய முடியாத அடுக்களைப்பக்கம் அது. பெண்களின் குரல் காவற்காரர் கண்ணில் படாத வாத்தியமாக இருந்தது.

இதைப்போன்று வீட்டுக்குள் வாழ்ந்த வழக்கங்கள் இன்னும் சில உண்டு. தாய்மாமன் வீட்டில் மணப்பெண் அணிந்துகொள்ளும் 'சூடோ' என்னும் பச்சை, மஞ்சள் முதலான நிறக் கண்ணாடி வளையல்கள்; முன்னோர் நினைவாக ஏழைகளை அழைத்து இலையிட்டுச் சோறிடும் 'பிக்ரியாம் ஜெவொண்'; தொதொல், போல், வாழைப்பழம் என்று நிறைத்து மணமகன் வீட்டுக்குச் சுமந்து செல்லும் 'வொஜெம்'. 'வொஜெம்' என்றால் சுமை என்றே பொருள். வீட்டு முற்றத்தில் தென்னங்கீற்றுப் பந்தலிட்டு அதை 'மாட்டொவ்' என்பார்கள். நம் மண்டபத்துக்கு மூலமான வடசொல்லே அதற்கும் மூலம்.

2. மெஸ்த்தின் பள்ளிக்கூடம்

ஒருகையால் பாட்டைப் பறித்த அதே சபை மறுகையால் பாட்டைக் கொடுத்தது என்பது கோவா வரலாற்றின் வினோதம். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து கோவாவின் பங்குகளில் தேவாலயத்தை ஒட்டிப் பள்ளிகள் எழுந்தன. வழிபாட்டிற்குப் பாடகர் குழு வேண்டும். ஆகவே சிறுவர்களுக்கு இசைக்குறிப்பைப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியருக்கு 'மெஸ்த்ரெ' என்று பெயர். மக்கள் 'மெஸ்த்' என்று சுருக்கிக்கொண்டார்கள். எழுத்தறிவு எட்டாத வீட்டுப் பிள்ளைக்கும் இசைக்குறிப்பு எட்டியது. கையில் கம்பை வைத்துக்கொண்டு தாளம் பிசகிய விரலைத் தட்டும் மெஸ்த், கோவாக்காரர்களின் நினைவுகளில் அடிக்கடி வரும் ஆள்.

இப்பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவின் படைப்பிரிவு வாத்தியக்குழுக்களிலும் சமஸ்தானங்களின் குழுக்களிலும், பின்னர் ஊமைப்படக் கொட்டகைகளிலும், பம்பாய் தாஜ் விடுதியின் ஜாஸ் மேடையிலும், அதன்பின் இந்தித் திரையிசைக் கூடங்களிலும் வேலை பார்த்தவர்கள். ஷங்கர்-ஜெய்கிஷனுக்கு வாத்திய அமைப்பு எழுதிய செபாஸ்டியன் டிசூசா, இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த ஆண்டனி கொன்சால்வஸ் ஆகியோர் அந்த வரிசை. 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆண்டனி' படத்தில் அமிதாப் பச்சன் முட்டைக்குள்ளிருந்து வெளிவந்து உச்சரிக்கும் பெயர், மாணவர் ஆசிரியருக்குச் செய்த வணக்கம் என்பதைப் பலர் பின்னரே அறிந்தார்கள்.

பம்பாயில் இவர்கள் அறியப்படாத பெயர்கள். கோவாவில் உள்ளூர்த் திருமண மேடையில் இவர்களே இரவின் தலைவர்கள். நம் கட்டுரைக்கு அந்த இரண்டாவது முகமே முக்கியம்.

அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்செட் வட்டாரத்துப் பெருவீடுகளின் கூடங்களில் 'மாண்டோ' பிறந்தது. மேற்கத்திய நடன இசையும் கொங்கணிப் பாட்டும் கலந்து உருவான வடிவம். ஆறுக்கு நான்கு என்னும் அளவில், மெல்ல அசைந்து செல்லும் நடை. ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையாக நின்று, பெண்கள் கையில் விசிறியோடு, தொட்டும் தொடாமலும் முன்வந்து பின்செல்வார்கள். பின்னணியில் வயலினும் 'குமட்' என்ற மண்பானை முழவும். குமட்டின் வாயில் உடும்புத்தோல் கட்டுவது பழைய வழக்கம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் விளைவாக இன்று ஆட்டுத்தோல் கட்டுகிறார்கள். 2019இல் கோவா அரசு குமட்டை மாநிலத்தின் பாரம்பரிய இசைக்கருவியாக அறிவித்தது. 1736இல் திருமண வீட்டுக்குள் உள்ளூர் வாத்தியம் கூடாது என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் பெருவீட்டுக் கூடத்தில் வயலினுக்குப் பக்கத்தில் குமட் வந்து உட்கார்ந்துவிட்டது.

மாண்டோக்களைத் தேடித் தொகுத்த ஜோசே பெரேரா, மிக்காயெல் மார்ட்டின்ஸ் ஆகியோரின் வகைப்பாட்டில் ஏக்கம், கூடல், புலம்பல் என்ற மூன்று பொருள்கள் சிறப்பிடம் பெறும். அகத்திணை படித்தவர்களுக்கு இவ்வகைப்பாடு அந்நியமாய்த் தோன்றாது. ஊர்ச்செய்தியையும் மாண்டோ விடவில்லை. 1890 செப்டம்பர் 21 அன்று மர்காவ் நகராட்சித் தேர்தலின்போது தேவாலயத்தருகே துருப்புகள் சுட்டதில் உயிர்கள் போயின. 'செப்டம்பர் இருபத்தொன்று' என்று அந்தத் தேதியையே பெயராகக் கொண்ட மாண்டோ ஒன்று உண்டு. திருமணக் கூடத்தில் ஆடிப் பாடிய பாட்டு நாட்குறிப்பாகவும் இருந்திருக்கிறது.

மாண்டோவைத் தொடர்ந்து வருவது 'துல்பொத்'. ஆறுக்கு எட்டு என்னும் அளவில் துள்ளி ஓடும் சிறுபாட்டுகள். ஒன்றன் வாலைப் பிடித்து மற்றொன்று வரும். ஊர்வம்பும் கேலியும் அவற்றின் பொருள். மெல்லிசையில் தொடங்கி விரைவிசையில் முடியும் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கூடத்தில் அரைமணி நேரம் நடந்த இந்த முறையே பெருகிப் பின்னாளில் ஓர் இரவு முழுமைக்கும் சட்டகமாயிற்று என்பது என் எண்ணம்.

3. இரவின் வரிசை

இனி அந்த இரவுக்கு வருவோம். மாலையில் தேவாலயத்தில் திருப்பலியும் மணவுறுதியும் முடிந்திருக்கும். வரவேற்பு, கூடத்திலோ திறந்தவெளித் தோட்டத்திலோ. விருந்தினர் வந்து மேசைகளில் அமர்வார்கள். இசைக்குழு மெல்லிய பாட்டுகளை வாசித்துக்கொண்டிருக்கும். இந்த நேரம் வீண் காத்திருப்பாக வெளியாருக்குத் தோன்றும். வளைகுடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கப்பலிலிருந்தும் விடுப்பில் வந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வது அப்போதுதான். மணமக்கள் தாமதமாக வருவதற்கும் ஒரு பயன் இருக்கிறது.

பிறகு வாசலில் அணிவகுப்பு. தோழியர், தோழர், மலர்ச்சிறுமி, இறுதியாக மணமக்கள். குழு அணிநடை இசையைத் தொடங்கியதும் கூட்டம் எழுந்து நிற்கும். வண்ணக் காகிதத்துகள்கள் பறக்கும். கேக் வெட்டியபின் இசை முற்றாக நிற்கும். குடும்பத்துப் பெரியவரோ நண்பரோ ஒருவர் கையில் கோப்பையோடு வந்து வாழ்த்துரை கூறுவார். இரு குடும்பங்களின் வேர்கள், ஊர், பிள்ளைகளின் குணம், சிறிது கேலி, இறுதியில் ஆசி. உரை முடிந்ததும் 'வீவா' என்ற முழக்கம் எழும். வாழ்த்துரை சொல்லத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மதிப்பு. மிக நீண்டால் கூட்டம் நெளியும். மிகச் சுருங்கினால் பெண்வீட்டாருக்கு மனக்குறை.

அடுத்து முதல் நடனம். மணமக்கள் இருவர் மட்டும், பெரும்பாலும் வால்ட்ஸ். ஒருசில சுற்றுகள் கழிந்து பெற்றோரும் தோழரும் சேர்வார்கள். அதன்பின் ஆடரங்கு எல்லோருக்குமானது. பின்னர் பெரிய அணிநடை. நிகழ்ச்சியை நடத்துபவர் ஒலிவாங்கியில் சொல்லச் சொல்ல, இணைகள் வரிசையாகப் பிரிந்து, நான்காகச் சேர்ந்து, வளைந்து, கைகளால் கட்டிய வளைவின் கீழ் நுழைந்து செல்வார்கள். எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேரனும் ஒரே வரிசையில் நடக்கும் நேரம் இது.

இசைக்குழு சுற்றுச் சுற்றாக வாசிக்கும். மூன்று நான்கு பாட்டு ஒரு சுற்று, பிறகு ஓய்வு. இந்த ஓய்வில்தான் உரையாடலும் உணவும். இரண்டாம் சுற்றில் என்ன வாசிப்பது என்பதைக் குழுத்தலைவர் கூட்டத்தைப் பார்த்து முடிவுசெய்வார். முதியவர்கள் கிளம்பும் முன் வால்ட்ஸும் பழைய மாண்டோவும் வந்துவிட வேண்டும். இளைஞர் கைக்கு அரங்கு போனபின் விரைவிசை. இறுதிக்கு நெருங்கையில் 'மசாலா' எனப்படும் கலவைச் சுற்று. துல்பொத், கொங்கணித் திரைப்பாட்டு, போர்த்துகீசியப் பாட்டு, இந்திப் பாட்டு எல்லாம் மூச்சுவிடாமல் ஒன்றையொன்று துரத்தி வரும். அதுவரை நாற்காலியை விட்டு எழாதவர்களும் எழுந்துவிடுவார்கள். அதன்பின் மணமக்களைச் சூழ்ந்து விடைதரும் மெல்லிசை.

குடும்பத்திற்குக் குடும்பம் இவ்வரிசையில் சிறு மாற்றம் இருக்கும். ஆனால் மசாலாவை முதலில் வாசித்து வாழ்த்துரையைக் கடைசியில் வைத்த திருமணம் என்று ஒன்றை எண்ணிப் பார்க்க முடியாது. இதைத்தான் தாளக்கணக்கு என்றேன். விருந்தினர் மணி பார்ப்பதில்லை. 'மசாலா ஆகிவிட்டதா?' என்று கேட்பார்கள். பதிலிலிருந்து இரவின் எந்த நாழிகையில் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

ஆண்டுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் ஆடம்பரத் திருமணம் கூடாது என்பது 1563இல் திரெந்து பொதுச்சங்கம் வகுத்த விதி. திருமண அறிவிப்பை மூன்று திருநாள்களில் தேவாலயத்தில் ஓதவேண்டும் என்பதும் அச்சங்கத்தின் ஆணையே. பின்னர் மழை ஒரு விதியைச் சேர்த்தது. வெளிநாட்டு வேலையின் விடுப்பு மற்றொரு விதியைச் சேர்த்தது. ஆகவே கிறிஸ்துமஸ் முடிந்த நாள்களும் உயிர்ப்பு விழாவுக்குப் பின்வரும் வாரங்களும் கோவாவில் திருமணக் காலம். சபையும் பருவமும் பிழைப்பும் சேர்ந்து வகுத்த பஞ்சாங்கம் அது.

4. பத்து மணி

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை மூடிய அரங்குகளுக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்பது அதன் நடுவான விதி. ஆண்டில் பதினைந்து நாள்களுக்கு மிகாமல் விழா நாள்களில் நள்ளிரவு வரை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. 2005 ஜூலையில் உச்சநீதிமன்றம் இவ்விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தத் தீர்ப்பளித்தது. 2010இல் விதி திருத்தப்பட்டு, ஒலிபெருக்கியோடு இசைக்கருவிகளும் இரவுத் தடைக்குள் சேர்க்கப்பட்டன. சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால், பத்து மணிக்குமேல் தோட்டத்தில் ஒரு வயலினுக்கும் இடமில்லை.

இவ்விதியை 1736இன் ஆணையோடு ஒரே தட்டில் வைப்பது அறமாகாது. அது மக்களின் நம்பிக்கையை ஒடுக்க வந்தது. இது நோயாளியும் மாணவரும் குழந்தையும் உறங்கவேண்டும் என்பதற்காக வந்தது. ஊரே திருமண வீடாக இருந்த காலத்தில் அயலார் உறக்கம் என்ற கேள்வி எழவில்லை. ஊரார் அனைவரும் பந்தலில்தான் இருந்தார்கள். இன்று அடுத்த மனையில் இருப்பவருக்கு அழைப்பிதழ் போவதில்லை. ஒலி மட்டும் போகிறது. அவருடைய முறையீடு நியாயமானது.

விளைவு எளிதானதல்ல. இரவு எட்டரை, ஒன்பது மணிக்குத் தொடங்கி விடியலை நோக்கி நடந்த வரிசையைப் பத்து மணிக்குள் அடக்க வேண்டும். வழிகள் மூன்று. முன்னதாகவே தொடங்கலாம், இப்போது பலரும் அதைத்தான் செய்கிறார்கள். குளிரூட்டிய மூடிய கூடத்துக்குப் போகலாம். அதற்குப் பணம் வேண்டும், முற்றத்து மாட்டொவுக்கு அங்கே இடமில்லை. அல்லது வரிசையைச் சுருக்கலாம். சுருக்கும்போது முதலில் கத்தரிபடுபவை ஓய்வும் மெல்லிசையும். மேசை உரையாடலுக்கு உயிர்தந்த இடைவேளை போகிறது; முதியவர்களுக்கான மாண்டோ போகிறது. வாத்தியக்குழு கருவிகளை அடுக்கிச் சுருதி சேர்க்கும் நேரத்தில் பதிவிசை வட்டை இயக்குபவர் நான்கு பாட்டு போட்டுவிடுவார். ஆகவே குழுவின் சுற்றுகள் குறைந்து அவருடைய நேரம் கூடுகிறது. கூட்டத்தின் முகம் பார்த்து அடுத்த பாட்டை முடிவுசெய்த குழுத்தலைவர் இப்போது சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்கிறார்.

மூன்றாவதாக ஒரு வழக்கும் வந்தது. திருமணத்தில் ஒலிக்கும் பதிவுசெய்த பாட்டுக்கு உரிமைத்தொகை கேட்டுப் பதிவிசை உரிமை நிறுவனங்கள் வந்தன. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சமயச் சடங்குகளுக்கு விலக்கு அளிக்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தைச் சார்ந்த பிற சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று அதன் விளக்கம் சொல்கிறது. இதைக் காட்டி, திருமணங்களில் உரிமைத்தொகை கேட்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் கோவா அரசு சுற்றறிக்கை விடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு அச்சுற்றறிக்கையை ரத்துசெய்தது. வழக்கின் சட்ட நுணுக்கத்தை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். அதன் அடியில் கிடக்கும் கேள்வி பண்பாட்டுக் கேள்வி: கோவாத் திருமணத்தில் சடங்கு எங்கே முடிகிறது, கேளிக்கை எங்கே தொடங்குகிறது? வால்ட்ஸ் சடங்கா? மசாலா சடங்கா? தேவாலயத்து மணவுறுதிக்குச் சற்றும் குறையாத ஒழுங்கோடு தலைமுறைகளாக நடந்துவரும் வரிசையைக் கேளிக்கை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

5. எல்லைக்கோடு

இரண்டு காலங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தென்படுகிறது. 1736இல் குரலையும் எண்ணெயையும் குறிவைத்தார்கள். அவை உள்ளறையில் ஒளிந்து பிழைத்தன. இப்போதைய விதி குரலைத் தொடவில்லை. கருவியையும் நேரத்தையும் தொடுகிறது. ரோஸ் சடங்குக்கு இதனால் ஆபத்தில்லை. வரவேற்பு இரவோ ஒளிய முடியாதது. அதற்குத் திறந்த வெளி வேண்டும், வாத்தியம் வேண்டும், பயின்ற கலைஞர்கள் வேண்டும், அவர்களுக்குக் கூலி கொடுக்க மனமும் வேண்டும். அந்நியரின் இசையைக் கற்று, அதைத் தம் இரவின் ஒழுங்காக ஆக்கிக்கொண்ட மெஸ்த்தின் வழியினர்தான் இதில் இழப்பவர்கள். இரைச்சல் போனால் போகட்டும். அவர்களுடைய கையிலிருந்த காலக்கணக்கு போகக்கூடாது.

வழி இல்லாமலில்லை. வயலினும் குமட்டும் ஒலிபெருக்கிக்கு முன்பே பிறந்தவை. மாண்டோ ஒரு கூடத்தின் அளவுக்கு அமைந்த இசை. வரவேற்பை அந்திக்கு நகர்த்தி, ஒலியைக் குறைத்து, பாட்டு வரிசையைக் குறைக்காமல் நடத்தினால் அயலார் உறக்கமும் கெடாது. இரவின் ஒழுங்கும் குலையாது. கடிகாரத்தோடு சண்டையிடுவதைவிட, எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கக்கூடாது என்பதைத் திருமண வீட்டார் முன்கூட்டியே முடிவுசெய்வது நல்லது. மாண்டோவை முதலில் கத்தரிக்கும் வீட்டில் அடுத்த தலைமுறைக்கு அது வேண்டியதாகவே தோன்றாது.

விருந்து முடிந்தபின்னோ, மறுநாள் பெண் சிவப்புச் 'சாடோ' உடுத்திப் பிறந்தகம் சென்று திரும்பும் 'பொர்தொணெ' முடிந்தபின்னோ, இரு குடும்பங்களும் பிரியும்போது ஒரு சடங்கு உண்டு. அதன் பெயர் 'ஷீம்'. எல்லை என்று பொருள். நம் 'சீமை'க்கும் அதற்கும் வடமொழியில் ஒரே வேர். பெரியவர் ஒருவர் சாராயத்தைத் தரையில் ஊற்றிக் கோடு இழுப்பார். பெண்வீட்டார் ஒருபுறம், மாப்பிள்ளை வீட்டார் மறுபுறம். கோட்டின் இருபக்கமும் நின்று குடித்து, வாழ்த்தி, கண்கலங்கிப் பிரிவார்கள். பிரிவு நேரங்களில் பாடப்படும் புகழ்பெற்ற மாண்டோ ஒன்று உண்டு. தொர்குவாதோ தெ பிகைரெதோ இயற்றிய 'அதேவ்ஸ் கொர்ச்சொ வேளு பாவ்லொ'. விடைபெறும் வேளை வந்துவிட்டது என்பது அத்தலைப்பின் பொருள். 'அதேவ்ஸ்' போர்த்துகீசியம், 'வேளு' நம் வேளைக்கு உறவு. வேளை வந்துவிட்டது என்று அங்கே பாட்டுதான் சொல்லிவந்திருக்கிறது. இனியும் அதுவே சொல்லட்டும்.